நட்ட கல்லோடு முடிகிறதா கடமை?

ஜவ்வாது மலையில் கீழ்செப்பிலி ஊரை ஒட்டிய மேட்டில் கற்திட்டைகள் கூட்டமாக இருக்கின்றன. பலகை பலகையாகப் பிளந்தெடுத்த பாறைகளைப் பக்கங்களில் நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு பெருங்கல்லை மூடியாக ஏற்றிவைத்த ஈமச் சின்னங்கள் அவை. இவ்வகைத் திட்டைகள் பலவற்றில் ஒரு பக்கப் பலகையில் வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள். வளர்ந்த ஆள் உள்ளே போக வேண்டுமானால் உடலைக் குறுக்கித் தவழ வேண்டும். மலை மக்கள் இவற்றைக் குள்ளர் குகை என்கிறார்கள்; முன்னொரு காலத்தில் குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடுகள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. தொல்லியலாளர்கள் இவற்றை இரும்புக் காலத்தில் இறந்தோருக்கு எடுத்தவை என்கிறார்கள். இத்தகைய இடங்களைக் காப்பாற்ற வேண்டும், சாய்ந்த பலகைகளை நிமிர்த்த வேண்டும், புதையல் தேடி வருகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. வேறுபாடு அதற்குப் பிறகுதான் எழுகிறது. சீரமைத்த ஈமச் சின்னத்தில் அடுத்து என்ன நடக்க வேண்டும்? வேலி போட்டு, அறிவிப்புப் பலகை நட்டு, ஓசையில்லாமல் விட்டுவிடுவதுதான் மரியாதையா? பள்ளிப் பிள்ளைகளும் பாட்டுக்காரர்களும் ஊர்க்கூட்டமும் அங்கே வந்து உட்காரலாமா? நிர்வாகம் பற்றிய கேள்விபோல் தோன்றினாலும் இது சமயக் கேள்வி. இறந்தவர்களுக்கு இருக்கிறவர்கள் பட்ட கடன் எது என்பதைத் தீர்மானிக்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. கூட்டம் வரத்தான் வேண்டும், ஆண்டுதோறும் வர வேண்டும், அது வராதவரை சீரமைப்பு பாதியில் நிற்கிறது என்பதே என் நிலை. எந்தக் கூட்டம் வரலாம் என்பதற்கு ஒரு கட்டுப்பாடும் வேண்டும். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

இந்தக் கேள்விக்குத் தமிழில் மிகப் பழைய விடை ஒன்று உண்டு. போரில் விழுந்தவனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியத்தின் புறத்திணையியல் ஆறு படிகளாகச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, அதை எடுத்துவரும் வேலையை நாள் பார்த்துத் தொடங்குவது, கல்லை நீராட்டுவது, நடுவது ஆகியவை முதல் நான்கு. நட்ட கல்லுக்குப் பெரும்படையல் இடுவது ஐந்தாவது. வாழ்த்துவது ஆறாவது. முதல் நான்கும் கல்லோடு செய்யும் வேலை. கல்தச்சனும் நாலைந்து ஆட்களும் இருந்தால் முடித்துவிடலாம். கடைசி இரண்டுக்கும் ஊர் வேண்டும். சமைக்க, பரிமாற, பாட, கேட்க ஆள் வேண்டும். நம் காலத்துச் சீரமைப்பை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாமும் கல்லைத் தேடிக் கண்டுபிடிக்கிறோம், ஆவணப்படுத்துகிறோம், கழுவித் துடைக்கிறோம், சாய்ந்ததை நிமிர்த்தி நடுகிறோம். நான்காம் படியில் நின்றுவிடுகிறோம். ஐந்தாவதும் ஆறாவதும் அலங்காரமாகச் சேர்க்கப்பட்டவை என்று இலக்கணம் கருதியிருந்தால் அவற்றைத் துறைகளாக வகுத்து எண்ணியிருக்காது. வாழ்த்தி முடித்த பிறகே அந்த வரிசையும் முடிகிறது.

ஏட்டில் எழுதிய முறைதானே, நடந்ததற்கு என்ன சான்று என்று கேட்டால், ஜவ்வாது மலையின் தெற்கடிவாரத்தில் இருக்கும் செங்கமே சான்று. தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற தொகுதியை வெளியிட்டது. அந்த வட்டாரத்துக் கற்களில் பல்லவர் காலத்தவை பல. எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவகத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கும்போது பட்டான் என்கிறது எழுத்து. அவனோடு கோவிவன் என்ற நாயும் இருந்தது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதன் பெயரையும் செயலையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள், உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். அரசனின் பெயர் அங்கே ஆண்டைக் குறிக்கவே வருகிறது. கல் எடுத்தது எருமைகளைக் காத்தவனுக்கும் அவன் நாய்க்கும். இத்தகைய கற்களுக்கு முன்னால் என்ன நடந்தது என்பதை அதே வட்டாரத்தைப் பாடும் மலைபடுகடாம் காட்டுகிறது. செங்கண்மாத்து நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்குப் பெருங்கௌசிகனார் வழி சொல்கிறார். பாதை பிரியும் இடங்களில் நடுகற்கள் நிற்கும், அங்கே அந்தத் தெய்வம் மகிழும்படி பழைய முறைப்படி இசைத்துவிட்டு மேலே செல்லுங்கள் என்பது அவர் சொல்லும் அறிவுரையின் பொருள். அந்தக் கூத்தர்கள் ஊரார் அல்லர், இறந்தவனின் உறவினரும் அல்லர், வழிப்போக்கர்கள். அவர்களும் நின்று பாட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஈமச் சின்னத்தின் முன் கலை நிகழ்ச்சி நடத்துவது நாகரிகம் கெட்ட புதுப்பழக்கம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த மலையடிவாரத்தில் அது வழக்கமாக இருந்தது. செய்யாமல் கடந்து போவதுதான் பிழையாகக் கருதப்பட்டிருக்கும்.

அரசர்களுக்கு எடுத்த நினைவாலயங்களிலும் இதே நிலைதான். மலைக்கு வடக்கே பாலாற்றைக் கடந்து போனால் பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி வருகிறது. ஆற்றூரில் துஞ்சிய தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு முதலாம் இராஜராஜன் எடுப்பித்த பள்ளிப்படையான அரிஞ்சிகை ஈசுவரம் அங்கே இருக்கிறது. அதற்கு முன்பே தொண்டைமானாற்றூரில் இறந்த முதலாம் ஆதித்தனுக்கு அவன் மகன் பராந்தகன் காளத்திக்கு அருகில் ஆதித்தேசுவரத்தைக் கட்டினான். அங்கே விழா எடுக்கவும், மாவிரதியர் உள்ளிட்ட பல சமயத்தாருக்குச் சோறிடவும் நிவந்தம் வைத்திருக்கிறான். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது விருந்தினர் பட்டியல். தந்தையின் எலும்புக்கு மேல் எழுந்த ஆலயத்துக்குத் தன் சமயத்தாரை மட்டும் அழைத்திருக்கலாம்; ஒருவரோடு ஒருவர் வாதிட்டுக்கொண்டிருந்த கூட்டங்களை அவன் ஒரே பந்தியில் எண்ணிப் பார்த்தான். மரணம் எல்லாச் சமயத்துக்கும் பொது என்பதால் மரணத்தின் இடத்துக்குப் பொதுத்தன்மை வந்துவிடுகிறது. கோயில் கருவறைக்கு இல்லாத இந்த வசதி கல்லறைக்கு உண்டு. இன்று சீரமைக்கப்படும் ஈமச் சின்னங்களுக்கு யாரை அழைப்பது என்ற குழப்பத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்த நிவந்தமே போதிய வழிகாட்டி.

கற்திட்டைகளில் எழுத்து இல்லை, நிவந்தமும் இல்லை. ஆனால் மூடுகல்லே ஒரு சாட்சி. பாறையில் வெடிப்புப் பார்த்துப் பலகையாகப் பிளந்து, மேட்டுக்கு இழுத்துவந்து, நிறுத்திய கற்களின் மேல் சரிவு அமைத்து ஏற்ற வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலை அன்று. பல குடும்பங்கள் தங்கள் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். வந்தவர்களுக்கு யாரோ உணவு கொடுத்திருக்க வேண்டும். ஒரே மூச்சில் இழுக்க யாரோ குரல் கொடுத்திருக்க வேண்டும். அந்த இடத்தின் முதல் நிகழ்வே ஊர் கூடியதுதான். நாம் இன்று பார்க்கும் கல் அந்தக் கூட்டம் கலைந்த பிறகு மிஞ்சியது. மிஞ்சியதை மட்டும் பாதுகாத்துவிட்டு, அது உண்டான விதத்தை அந்த இடத்துக்குப் பொருந்தாதது என்று விலக்குவது எப்படிச் சரியாகும்?

சான்றுகள் இவ்வளவு இருந்தாலும், பழையவர்கள் செய்தார்கள் என்பது நாமும் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் ஆகாது. பலி கொடுத்தார்கள், உடன்கட்டை ஏறவிட்டார்கள்; அவற்றை விட்டோம். ஆகவே காரணம் தனியாக வேண்டும். கல் எடுப்பவர் இறந்தவரிடம் உன்னை மறக்க மாட்டோம் என்று சொல்கிறார். அது ஒரு வாக்கு. வாக்குக் கொடுத்தவரும் ஒருநாள் இறக்கிறார். அப்போது வாக்கு கல்லில் தங்கியிருக்கிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் கல்லால் எதையும் நினைக்க முடியாது. படிக்க ஆளில்லாத எழுத்து வெறும் கீறல். பெயர் தெரிந்த ஒருவர் பெயர் தெரியாத இன்னொருவரிடம் வாய் திறந்து சொல்லும்போதுதான் அந்த வாக்கு அடுத்த தலைமுறைக்கு மாறுகிறது. தனியாக நின்று தியானிப்பவர் தன்னளவில் நினைக்கலாம். அவரோடு அது முடிந்துவிடும். கைமாற்றிக் கொடுக்க இரண்டு பேராவது வேண்டும், அதில் ஒருவர் இளையவராக இருக்க வேண்டும். ஈமச் சின்னத்துக்குக் கூட்டம் தேவை என்று நான் வாதிடுவதன் அடிப்படை இதுதான். திருவள்ளுவர் இல்வாழ்வானின் கடமைகளை எண்ணும்போது தென்புலத்தாரைத் தெய்வத்துக்கும் முன்னால் வைத்தார். தெய்வத்துக்கு நாம் இல்லாவிட்டாலும் குறையில்லை என்று பக்தர்களே சொல்வார்கள். இறந்தவர்களுக்கு நம்மை விட்டால் வேறு ஆள் கிடையாது.

இதற்கு எழும் மறுப்புகளில் மிக வலிமையானது வெளியிலிருந்து வருவது அன்று. நம் மரபிலேயே ஔவையார் கேட்டுவிட்டார். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்து, அவனுக்குக் கல் நட்டு, பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் வார்த்துப் படைத்தபோது, மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்வான் என்று புறநானூற்றில் அவர் பாடுகிறார். படையல் இறந்தவனைச் சேராது என்ற ஐயத்தை இதைவிடக் கூர்மையாக எழுப்ப முடியாது. இன்றைய பகுத்தறிவாளர் ஒருவர் கேட்பதும் இதைத்தான்: கேட்கக் காது இல்லாதவருக்கு முன்னால் எதற்குப் பாட்டு? ஆனால் ஔவை அதைக் கேட்ட இடத்தைப் பாருங்கள். கல்லுக்கு முன் நின்று பாட்டாகக் கேட்கிறார். படையல் சேருமா என்று ஐயப்பட்ட அந்தப் பாட்டு, தன்னளவில் வாழ்த்தாக ஆகிவிட்டது; அஞ்சியின் பெயரை இரண்டாயிரம் ஆண்டு தாண்டி நம்மிடம் சேர்த்தது அது. கள் அவனைச் சேர்ந்ததோ இல்லையோ, ஔவையின் துயரம் நம்மைச் சேர்ந்திருக்கிறது. இறந்தவர் அறிகிறார் என்று நம்புகிறவருக்குப் படையல் கொடை. அறியமாட்டார் என்று நினைக்கிறவருக்கும் அது கொடுத்த வாக்கைக் காப்பது. வாக்குக் காப்பதற்கு எதிராளி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எந்த அறநூலிலும் கிடையாது. நாத்திகரும் ஆத்திகரும் ஒரே கல்லின் முன் நிற்க இடம் இருக்கிறது என்பதை நான் நம்புகிறேன்.

சமயத்துக்குள்ளிருந்து இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று தீட்டு. சுடுகாட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகும் ஊரில், ஈமக்காட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சோறு போடச் சொல்வது எப்படி என்று கேட்பார்கள். தீட்டு என்பது புதிய மரணத்தின் அருகில் நாம் கடைப்பிடிக்கும் காலக்கெடு. அது முடிந்த பிறகு அதே இறந்தவர் முன்னோராகி வீட்டுக்குள் வந்துவிடுகிறார். திருவண்ணாமலையிலேயே பார்க்கலாம். 1922-இல் மறைந்த இரமண மகரிஷியின் தாயார் அழகம்மாளின் சமாதிமேல் மாத்ருபூதேசுவரர் ஆலயம் எழும்பி, 1949-இல் குடமுழுக்குக் கண்டது. அங்கே நடக்கும் பூசைக்குப் போகிறவர்கள் திரும்பி வந்து தலை முழுகுவதில்லை. மற்றொரு மறுப்பு இதைவிடக் கனமானது: கல்லறையில் விழா எடுப்பது இறைவனுக்கு உரியதை இறந்தவருக்குத் தருவதாகும் என்பது. நாகூரில் சாகுல் ஹமீது ஆண்டகையின் அடக்கத்தலத்தில் நடக்கும் கந்தூரியைப் பற்றி முஸ்லிம்களுக்குள்ளேயே இந்த வாதம் உண்டு. ஏகத்துவத்தைக் கவலையோடு காக்கிறவர்களின் வாதம் அது, அலட்சியப்படுத்தத் தக்கதன்று. நான் சொல்வதற்கு வழிபாடு கட்டாயமில்லை. நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளில் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் புல் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகின்றன. அவர்கள் இறந்தவரிடம் வேண்டுவதைவிட இறந்தவருக்காக வேண்டுவதே அதிகம். வணங்குகிறவர் வணங்கட்டும், வேண்டுகிறவர் வேண்டட்டும், வெறுமனே பெயர் சொல்லி நிற்கிறவர் நிற்கட்டும். மூவருக்கும் பொதுவாக இருப்பது அங்கே வந்து நிற்பது. ஈமச் சின்னத்தைப் பராமரிப்பவர்கள் அதற்கு வழி செய்தால் போதும்.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் நடத்தலாமா? கூடாது. கூட்டம் வேண்டும் என்ற வாதத்தைத் தவறாகப் பிடித்துக்கொண்டால் கற்திட்டை தற்படம் எடுக்கும் இடமாகவும் மேடைக்குப் பின்னால் இருக்கும் காட்சியாகவும் ஆகிவிடும். நான் வைக்கும் அளவுகோல் எளியது: அதே நிகழ்ச்சியை ஒரு மாற்றமும் இல்லாமல் வேறு மைதானத்தில் நடத்த முடியுமானால், அதை அங்கேயே நடத்துங்கள். ஜமுனாமரத்தூரில் அரசு நடத்தும் கோடை விழாவின் அரங்குகளையும் கலைநிகழ்ச்சிகளையும் எந்த ஊர்த் திடலிலும் நடத்தலாம். அவற்றைக் கற்திட்டைக்கு அருகே கொண்டுபோக வேண்டியதில்லை. ஆனால் இங்கே யார் கிடத்தப்பட்டார்கள், இந்தக் கல் எப்படி மேலே போனது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதை வேறிடத்தில் செய்தால் பாதி பொருள் போய்விடும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டம் இந்த அளவுகோலுக்கு நல்ல சோதனை. 1833-இல் அந்நகருக்கு அருகில் இறந்த இராஜாராம் மோகன் ராய் பத்தாண்டுக்குப் பிறகு அங்கே மறு அடக்கம் செய்யப்பட்டார். துவாரகநாத் தாகூர் அவருக்கு இந்தியப் பாணியில் ஒரு மண்டபம் எழுப்பினார். பின்னாளில் தனியார் கையில் புதர் மண்டிப்போன அந்தத் தோட்டத்தை மக்கள் போராடி மீட்டார்கள், மாநகராட்சி 2003-இல் கையகப்படுத்தியது, சிற்றாலயங்கள் சீரமைக்கப்பட்டன. இப்போது அங்கே திருமணங்கள் நடக்கின்றன, கச்சேரிகள் நடக்கின்றன, அடக்கமும் நடக்கிறது. ஆண்டுதோறும் ராயின் கல்லறை முன் கூடுபவர்களும் உண்டு. என் அளவுகோல்படி ராயை நினைக்கக் கூடுவதே அந்த இடத்தின் நிகழ்வு. திருமணம் வாடகை. வாடகைப் பணத்தில் கல்லறைகள் பராமரிக்கப்பட்டால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாடகை வருகிறது என்பதற்காக நினைவுகூரலை விட்டுவிட்டால் சிற்றாலயம் நல்ல கூரையுள்ள ஒரு மண்டபமாகிவிடும்.

பாதுகாப்பு அதிகாரிகளின் மறுப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். செங்கம், தண்டராம்பட்டு, ஊத்தங்கரைப் பக்கங்களில் நடுகற்கள் பல வேடியப்பனாக வழிபடப்படுகின்றன. எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே கொட்டகையும் போட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் எண்ணெய் ஏறிய கல்லில் எழுத்து மங்குகிறது; மைப்படி எடுப்பதற்குக் கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மைப் பந்தால் ஒற்றும்போது எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தாள் ஒட்டுவதில்லை. ஆய்வாளரின் எரிச்சல் நியாயமானது. ஆனால் வேடியப்பனாகாத கற்களின் கதியையும் சேர்த்து எண்ண வேண்டும். வரப்பில் சாய்ந்து கிடந்தவை, படிக்கல்லானவை, துணி துவைக்கப் பயன்பட்டவை அவையே. எழுத்தை மங்கவைத்த அதே பக்திதான் கல்லைக் காப்பாற்றியிருக்கிறது. ஆகவே வழிபாட்டை விலக்குவது தீர்வாகாது. எண்ணெயைக் கல்லுக்கு முன் விளக்கில் ஊற்றலாம், படையலைத் தரையில் இலை போட்டு வைக்கலாம், அதற்குக் கைமாறாக அந்தக் கல்லின் எழுத்தை ஊராருக்கு ஒருமுறையேனும் உரக்கப் படித்துக் காட்டலாம். தன் வேடியப்பனுக்குக் கருந்தேவகத்தி என்றோ வேறொன்றோ சொந்தப் பெயர் இருப்பதை அறிந்த ஊர் அந்த எழுத்தின்மேல் எண்ணெய் ஊற்றத் தயங்கும். அதிகாரி சொல்லிக் கேட்காததை எழுத்து சொல்லிக் கேட்கும். சட்டமும் இதற்கு இடம் தருகிறது. நினைவுச் சின்னங்கள் பற்றிய 1959-ஆம் ஆண்டு மத்திய விதிகள் பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கூட்டமோ விருந்தோ கேளிக்கையோ நடத்த எழுத்து மூலம் அனுமதி கேட்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட சமய வழக்கப்படி நடப்பதற்கு மட்டும் விலக்களிக்கின்றன. வழக்கம் அறுந்துபோகாத இடத்தில் ஊர் தானாகக் கூடலாம், அறுந்த இடத்தில் மனுப் போட வேண்டும் என்பது இதன் நடைமுறைப் பொருள். இருக்கிற வழக்கத்தை அறுக்கும் சீரமைப்பு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இதைக் கொண்டே கணக்கிடலாம்.

கடைசியாக, யாருடைய இறந்தவர்கள் என்ற கேள்வி. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்கிறார்கள். அவர்கள் மரபுக்கதைப்படியே பார்த்தால் கற்திட்டையில் கிடத்தப்பட்டவர்கள் அவர்களுடைய மூதாதையர் ஆகார். அப்படியானால் அவர்களுக்கு அங்கே என்ன உரிமை என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. இரத்த உறவு இல்லாத இறந்தவர்களுக்கு நடுவில் வீடு கட்டி, சாமை விதைத்து, அவர்களைக் குள்ளர்கள் என்று கதையிலாவது மனிதர்களாக வைத்திருந்தவர்கள் மலை மக்கள். கதை வரலாற்றுப்படி பிழையாக இருக்கலாம்; ஆனால் இங்கே யாரோ இருந்தார்கள் என்ற நினைவை அது காத்தது. கூடுவதா, எப்போது கூடுவது, எங்கே உட்காருவது, எதைச் சமைப்பது என்பதில் முதல் சொல் அவர்களுடையதாக இருக்க வேண்டும். சமவெளியிலிருந்து போகிறவர்கள் விருந்தாளிகள். சமவெளிக்காரர்களுக்கு இதில் ஒரு பாடமும் உண்டு. நம் ஊர்களில் இன்னும் சாதிக்கொரு மயானம் இருக்கிறது. பொதுப்பாதையில் பிணம் எடுத்துப் போவதற்கே வழக்கு நடக்கிறது. இரும்புக் காலத்துப் பெயரற்றவர்களுக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது அந்த அநீதியைத் தீர்த்துவிடாது. ஆனால் எந்தச் சாதியாரும் தங்களவர் என்று சொல்லிக்கொள்ள முடியாத இறந்தவர்கள் நம்மிடையே அதிகம் இல்லை. அவர்களுக்கு முன்னால் யார் எந்த வரிசை என்று எவராலும் கேட்க முடியாது. பெயர் தெரியாததால் அவர்களுக்குப் பொய்ப் பெயரும் பொய் வரலாறும் சூட்டி எந்தச் சாதியோ கட்சியோ சொந்தம் கொண்டாடாமல் பார்த்துக்கொள்வதும் நம் கடனில் சேரும்.

இதையெல்லாம் நடத்தப் பெரிய தொகை தேவையில்லை. சாமை அறுவடை முடிந்த பிறகு ஒரு பகல் போதும். கற்களிலிருந்து எட்டத் தள்ளிப் பாய் விரிக்கலாம். எவரும் மூடுகல்மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள மலை இளைஞர்களுக்குக் கூலி கொடுத்துப் பொறுப்பை ஒப்படைக்கலாம். தெரிந்ததைத் தெரிந்த அளவில் ஒருவர் சொல்லலாம், குள்ளர் கதையை ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லலாம், அடிவாரத்து நடுகற்களின் பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் படிக்கலாம், பாடத் தெரிந்தவர்கள் பாடலாம், எல்லோரும் சாப்பிட்டுவிட்டு இலையை எடுத்துக்கொண்டு இறங்கலாம். ஈமச் சின்னங்களுக்கான சீரமைப்புத் திட்டங்களின் மதிப்பீடுகளில் வேலி, நடைபாதை, விளக்கு, பலகை என்று வரிகள் இருக்கும். உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு மதிப்பீடு தயாராகிறது என்று கேள்விப்பட்டால், ஆண்டுக்கு ஒரு நாள் ஊர் கூடுவதற்கான செலவும் அதை நடத்துகிறவர்களின் கூலியும் அதில் ஒரு வரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.